ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் வோல்ட்டைத் தேடுங்கள்

பழைய வண்டி ஒன்றை வாங்கிய புதிதில் இரண்டு மாதத்துக்குள் மூன்று பல்பு மாற்றினேன். 350 சிசி வண்டி, 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு (பிரைட், டிம் இரண்டு இழையும் ஒரே பல்பில்). இரவில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில் முன்சக்கரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு மஞ்சள் கறை தெரியும், அவ்வளவுதான். எதிரே லாரி வந்தால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு முறையும் கடையில் "பல்பு டல்லாயிடுச்சு சார்" என்று புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாள் கொஞ்சம் தேவலை போல இருக்கும். காசு கொடுத்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கடைசியில் மலிவான மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். பல்பின் பின்னில் (வயர் சேரும் தகட்டுக் காலில்) 10.3. இரண்டு வோல்ட் வழியில் எங்கோ நின்றுவிட்டிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பில் அப்படி விட முடியாது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். என் வண்டியில் குறைந்திருந்தது பதினேழு சதவீதம், வெளிச்சம் பாதியாகிவிட்டது. அந்த நிலையில் எந்தக் கம்பெனி பல்பைப் போட்டாலும் மஞ்சள்தான்.

காணாமல் போன வோல்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதற்கு வயரிங் வரைபடம் படிக்கத் தெரிய வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நைஸ் உப்புத்தாள், நாலு குண்டூசி, இரண்டு மீட்டர் வயர், பொறுமை. கடைசியாகச் சொன்னது கடையில் கிடைக்காது.

ஏசியா, டிசியா?

முதலில் உங்கள் வண்டியின் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். பழைய 100 சிசி வண்டிகள், ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியோடு சேராது. இன்ஜின் ஓடும்போது மேக்னட் காயிலில் உண்டாகும் ஏசி மின்சாரம், ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டில் கட்டுப்படுத்தப்பட்டு, நேராக விளக்குக்குப் போகும். சிக்னலில் நிற்கும்போது மினுக்கும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று எரியும். அது கோளாறு இல்லை, அந்த வண்டியின் பிறவிக் குணம். "ரேஸ் பண்ணினாத்தான் லைட் எரியுது" என்று பேட்டரி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஏசி ஹெட்லைட்டுக்குப் புதுப் பேட்டரி போட்டு ஒரு பயனும் இல்லை.

டிசி ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியும். பெரிய வண்டிகளிலும் இப்போது வரும் வண்டிகளிலும் இதுதான். ஐடிலில் நிற்கும்போதும் வெளிச்சம் பெரிதாக மாறாது.

கண்டுபிடிக்க எளிய வழி: சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட் ஸ்விட்சைப் போடுங்கள். எரிந்தால் டிசி. எரியாவிட்டால் உடனே ஏசி என்று முடிவு கட்டவும் முடியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது விதி. அவற்றில் பலவும் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் விளக்கைப் போடும், ஆஃப் செய்ய ஸ்விட்சே இருக்காது. சந்தேகம் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு பல்பு ஹோல்டரில் மீட்டரை வையுங்கள். டிசி வோல்ட் அளவில் நன்றாகக் காட்டினால் டிசி. டிசியில் சொற்பமாகவும் ஏசி அளவில் நன்றாகவும் காட்டினால் ஏசி. ஏசியில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மலிவு மீட்டர்கள் அந்த வெட்டுப்பட்ட அலையைச் சரியாகப் படிக்காது. ஏசியா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

கழற்றாமல் பார்க்க வேண்டியவை

ஹெட்லைட்டைத் திறக்கும் முன்பு வெளியே நின்று ஒரு பார்வை. கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா? இப்போது வரும் பிளாஸ்டிக் கண்ணாடிகள் நம் வெயிலில் நாலைந்து வருடத்தில் பழுத்துவிடும். பாலிஷ் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். உள்ளே டூம் (பல்பைச் சுற்றியுள்ள வெள்ளிக் கிண்ணம்) பளபளப்பாக இருக்கிறதா, இல்லை சாம்பல் பூத்துப் போயிருக்கிறதா? டூமின் வெள்ளிப்பூச்சு போய்விட்டால் அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. துணியால் தேய்த்தால் மிச்சமிருக்கும் பூச்சும் வந்துவிடும். டூமை மாற்ற வேண்டியதுதான். பல்பின் கண்ணாடி கறுத்திருந்தால் பல்புக்கு வயதாகிவிட்டது. இவை மூன்றும் சரியென்றால் குற்றவாளி பேட்டரி, சார்ஜிங், வயரிங் இவற்றில்தான் இருக்கிறான்.

இன்னொரு சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இண்டிகேட்டரைப் போடுங்கள், பிரேக்கை மிதியுங்கள், ஹார்ன் அடியுங்கள். இண்டிகேட்டர் அடிக்கும் தாளத்துக்கு ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? பேட்டரி சோர்ந்திருக்கலாம், அல்லது எல்லாக் கரண்ட்டும் சேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை, அதாவது எர்த், சரியில்லை. ஹேண்டிலை இடமும் வலமுமாகக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் மங்கினால், ஸ்டியரிங் கழுத்தருகே வயர் உள்ளுக்குள் அறுந்து இரண்டு மூன்று இழையில் தொங்குகிறது. மேலே ரப்பர் நன்றாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். விரலால் அங்கங்கே மடித்துப் பாருங்கள், அறுந்த இடம் மட்டும் துவண்டு மடங்கும்.

பழைய வண்டிகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிம்மில் வைத்திருக்கும்போது ஹெட்லைட் எரியாமல் ஸ்பீடோமீட்டரில் உள்ள நீல பிரைட் விளக்கு மட்டும் எரியும். பேய் வேலை இல்லை. பல்பின் எர்த் அறுந்துவிட்டது. டிம் இழைக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல், பிரைட் இழை வழியாக ஏறி, அந்தச் சின்ன நீல பல்பு வழியாக எர்த்துக்குப் போகிறது. இதைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், எர்த்தைப் பாருங்கள்.

பேட்டரியும் சார்ஜிங்கும்

டிசி வண்டிக்கு இது முதல் அளவு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6 முதல் 12.8 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள், அதுவரை மற்ற அளவுகளுக்கு அர்த்தமில்லை.

அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரியும்போதே கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவே இல்லையென்றால் சார்ஜிங்கில் கோளாறு: காயில், ஆர்.ஆர். யூனிட், இரண்டுக்கும் நடுவிலுள்ள கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) இவற்றில் ஒன்று. முதலில் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உருகிப் பழுப்பேறியிருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும். மாறாக 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி பல்பு ஃபியூஸ் போகும் வண்டிகளில் இது சகஜம். அதை அப்படியே ஓட்டாதீர்கள், பேட்டரியும் வெந்துவிடும்.

ஏசி ஹெட்லைட் வண்டியில் முறுக்கினாலும் மங்கலாகவே இருந்தால் ஆர்.ஆர். யூனிட்டின் எர்த், அப்புறம் யூனிட், அதற்கும் அப்புறம் காயில் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். காயில் மாற்றுவது மேக்னட் கவரைத் திறக்கும் வேலை. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

எரியும்போது அளப்பதுதான் வித்தை

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் பார்ப்பது. 12.4 காட்டும். "வயரிங் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்தியாக மூடிவிடுவார்கள். இல்லையென்றால் மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து வயரின் இரு முனையையும் தொட்டுப் பார்ப்பார்கள். பீப் அடிக்கும். ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கத்தான் செய்யும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது சொட்டுக் கரண்ட். எச்4 பல்பு இழுப்பதோ நாலரை, ஐந்து ஆம்பியர். சிறிய வண்டிகளின் 35 வாட் பல்புகூட ஏறக்குறைய மூன்று ஆம்பியர் இழுக்கும். பாதி அடைத்த குழாயில் தண்ணீர் சொட்டுகிறதே என்று பார்த்துவிட்டு, தோட்டத்துக்குப் பாய்ச்சப் போவது போலத்தான் இது.

அதனால் எல்லாம் மாட்டியபடி, விளக்கு எரிந்தபடி அளக்க வேண்டும். ஹெட்லைட் ரிங்கைக் கழற்றி, டூமை மெதுவாக வெளியே எடுத்து டாங்கின் மேல் துணி விரித்து வையுங்கள். ஹோல்டரைக் கழற்ற வேண்டாம். பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் வயரோடு ஒட்டிக் குண்டூசியைச் சொருகினால் உள்ளே உள்ள தகட்டைத் தொடும். குண்டூசியில் மீட்டரை வைக்கலாம். பாசிட்டிவ் பக்கத்துக் குண்டூசி ஹேண்டிலையோ ஃபிரேமையோ தொட்டுவிடாமல் பாருங்கள், தொட்டால் ஷார்ட். சிலர் வயரின் ரப்பரையே குத்தி அளப்பார்கள். அந்தத் துளையில் மழைத் தண்ணீர் இறங்கி அடுத்த வருடம் வேறொரு கோளாறாக முளைக்கும்.

எர்த் பக்கம் முதலில். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மற்றொன்று பல்பின் எர்த் பின்னில். 0.1, 0.2 வோல்ட் வந்தால் நல்லது. அதற்கு மேல் வருவதெல்லாம் எர்த் வழியில் தொலைவது. அடுத்து பாசிட்டிவ். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மற்றொன்று எரியும் இழையின் பின்னில். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் தேட வேண்டும்.

என் வண்டியில் எர்த்தில் 0.8, பாசிட்டிவில் 1.3. இரண்டையும் கூட்டினால் தொலைந்த 2.1 வந்துவிட்டது. கணக்கு நேரான அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷம் மூன்று பல்பு வாங்கிய காசுக்குச் சரியாகப் போனது.

பாசிட்டிவில் எங்கே என்று கண்டுபிடிக்க, பேட்டரியில் வைத்த முனையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொரு முனையைப் பாதையில் ஒவ்வொரு நிறுத்தமாக நகர்த்துங்கள். பாதை ஏறக்குறைய எல்லா டிசி வண்டியிலும் ஒன்றுதான்: பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச், டிப்பர் ஸ்விட்ச் (டிம், பிரைட் மாற்றுவது), ஹோல்டர், பல்பு. எந்த இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் எண் சட்டென்று தாவுகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான். எனக்கு டிப்பர் ஸ்விட்சில் மட்டும் 0.9 தாவியது.

மீட்டர் இல்லாதவர்கள் கையால் தொட்டே பாதி கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் எரியவிட்டு, கப்ளர்களையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். 0.9 வோல்ட்டும் நாலு ஆம்பியரும் சேர்ந்தால் மூன்றரை வாட்டுக்கு மேல் சூடு. வெளிச்சமாக வர வேண்டியது அங்கே வெப்பமாக வந்துகொண்டிருக்கும். பல்பை மட்டும் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

எர்த்துக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றைக் கொண்டுவந்து, எரியும் பல்பின் எர்த் பின்னில் தொடுங்கள். வெளிச்சம் குதித்தால் எர்த் கோளாறு. எந்தப் பின் எர்த் என்று தெரிய வேண்டும். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை வயர் எர்த், வெள்ளை டிம், நீலம் பிரைட். பஜாஜில் கறுப்பில் மஞ்சள் கோடு போட்டது எர்த். ஆனால் உங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவரும் அவருடைய மெக்கானிக்கும் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். ஹோல்டரைக் கழற்றி, எந்த வயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் எப்போதும் பீப் வருகிறதோ அதுதான் எர்த் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி வயரை எர்த்துக்குப் பதில் வேறு பின்னில் தொட்டால் ஃபியூஸ் போகும்.

சரிசெய்வது

இங்கிருந்து கத்தரி, உப்புத்தாள் வேலை. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

எர்த்: ஃபிரேமில் எர்த் வயர் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போய்ப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். வண்டிக்கு ஆசையாகப் பெயிண்ட் அடித்தவர்கள் பலர் இந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: உப்புக்காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். எங்கள் பக்கம் ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை எல்லாக் கப்ளர்களையும் கழற்றிப் பார்ப்பது பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி வழக்கமாகிவிட வேண்டும்.

கப்ளர்: கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஆண் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, பெண் தகட்டின் வாயை மூக்குக் குறடால் லேசாக இறுக்குங்கள். மாட்டும்போது 'கடக்' என்று பிடிக்க வேண்டும். உருகிய ஹோல்டரைச் சுத்தம் செய்து பயனில்லை. எச்4 பல்புக்குப் பீங்கான் ஹோல்டர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி, பழைய வயரைக் கறுத்த பகுதி போய்ச் சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இணையுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. முறுக்கி டேப் சுற்றுவது அன்றைக்கு வீடு போய்ச் சேர மட்டும். ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டால்தான் வேலை முடிந்தது. டேப்பின் பசை சித்திரை வெயிலில் ஒழுகிவிடும்.

டிப்பர் ஸ்விட்ச்: திறக்கும் முன் கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். பலவற்றின் உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் அரிசி அளவுக்கு ஒரு குண்டும் காத்திருக்கும். என்னுடையது வாசல்படிக்கு அடியில் உருண்டோடி, அதைத் தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. உள்ளே கறுத்த செம்புப் புள்ளிகளைத் தேய்த்துத் துடைத்தால் போதும். பிளாஸ்டிக்கே உருகியிருந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள்.

இவ்வளவும் முடித்தபோது என் பல்பில் 11.9 வந்தது. வேறு எதையும் மாற்றவில்லை.

ரிலே வேண்டுமா?

டிசி ஹெட்லைட்டும் எச்4 பல்பும் உள்ள பழைய வண்டிக்கு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) நல்ல முதலீடு. பல்புக்கான கரண்ட் சாவி, ஸ்விட்ச் என்று ஊர் சுற்றாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே. 87: பல்புக்கு. 86: பழைய ஹோல்டருக்கு வந்துகொண்டிருந்த வயர். 85: எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். இதைப் போட்ட பிறகு எனக்கு 12.2.

ஏசி ஹெட்லைட்டில் இதைச் செய்யாதீர்கள். ரிலே படபடவென்று அடிக்கும். அதைச் சமாளித்து விளக்கைப் பேட்டரிக்கு மாற்றினாலும், அந்த வண்டியின் சார்ஜிங் அதைத் தாங்காமல் நாலு நாளில் கிக்கரை மிதிக்க வேண்டியிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டிகளில் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வயரிங் பக்கம் கத்தரியை நீட்டவே வேண்டாம்.

ரிலேக்குப் பதிலாக 100/90 வாட் பல்பு போடலாமே என்று கேட்பார்கள். மங்கிய வயரிங்கில் அதைப் போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும்; வெளிச்சம் கொஞ்சம் கூடும், ஹோல்டர் முழுதாக உருகும். ஹாலஜனுக்காக வடித்த டூமில் மலிவு எல்இடி போட்டால் எதிரே வருபவர் கண்ணில்தான் வெளிச்சம் விழும், ரோட்டில் இல்லை. ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றுவது பற்றி ஒன்றே ஒன்று: அது உருக வேண்டிய ஆம்பியரில் உருகாது, அதற்கு முன்னால் வயர் எரியும், அதற்கு நேர் மேலே பெட்ரோல் டாங்க்.

கடைசியாகச் சுவர்

புது பல்பு போடுவதானால் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பல்பின் வளையத்தில் உள்ள மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்றும் பாருங்கள். கோணலாக உட்கார்ந்த பல்பு வானத்துக்கு வெளிச்சம் காட்டும்.

எல்லாம் மூடிய பிறகு, இருட்டியதும் வண்டியை ஒரு சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் சமதரையில் நிறுத்துங்கள். நடு ஸ்டாண்டில் வேண்டாம், ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஹெட்லைட் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இல்லையென்றால் ஹெட்லைட் போல்ட்டைத் தளர்த்திச் சாய்த்து, பார்த்து, இறுக்குங்கள். மனைவியையும் மூட்டை முடிச்சையும் பின்னால் ஏற்றி ஊருக்குப் போகிறவர் என்றால் அவர்களையும் உட்காரவைத்தே அளவெடுங்கள். பின்பாரம் ஏறினால் முன்விளக்கு நிமிரும்.